சின்கார்ப்: ஒட்டுக்கனியா, பிணைகனியா?

அன்புடையீர்,

மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் நன்னீர்ச் சதுப்புக் காட்டு மரங்களுக்கான அடையாளத் திறவுகோலுக்கு (பண்புகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு மரத்தை இனங்காண உதவும் பட்டியலுக்கு) ஒரு சொல் வேண்டும். மித்ராகைனா ஸ்டிப்புலோசா, நாக்லியா இரண்டுமே நம் கடம்பின் குடும்பம். எதிரடுக்கில் பெரிய இலைகள், பந்துபோன்ற பூந்தலை என்று வெளித்தோற்றம் ஒத்துப்போகும். காய் முற்றினால்தான் வழி பிரிகிறது. மித்ராகைனாவில் ஒவ்வொரு பூவின் சூலகமும் தனித்து நின்று, உலர்ந்து வெடிக்கும் சிறு கனியாகிறது. நாக்லியாவில் அண்டைப் பூக்களின் சூலகங்கள் ஒன்றிச் சதைப்பற்றுள்ள ஒரே உருண்டையாகின்றன. இதுதான் ஆங்கிலத்தில் சின்கார்ப் (syncarp). ‘ஒட்டுக்கனி’ எனலாமா? பாடநூலின் ‘கூட்டுக்கனி’ மஞ்சரி முழுவதிலிருந்தும் உருவாகும் எல்லாவற்றுக்கும் பொது. அத்தியும் அதில் அடங்கும். அத்திக்குள் சூலகங்கள் ஒட்டுவதில்லை.

* * *

ஐயா,

கூட்டுக்கனி போதாது என்பது சரி. ஆனால் ‘ஒட்டு’ வேண்டாம். ஒட்டு மாங்கன்று வாங்கிப் பழகியவர்கள் ஒட்டுக்கட்டிய மரத்தின் பழம் என்றே படிப்பார்கள். ‘இணைகனி’யும் ஆகாது: ஒரே பூவின் சூலக இலைகள் சேர்ந்திருப்பதை ‘இணைந்த சூலகம்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இங்கே சேர்வது வெவ்வேறு பூக்களின் சூலகங்கள். ‘பிணைகனி’ என் பரிந்துரை. பிணைக்கப்படுபவை முதலில் தனித்தனியாக இருந்தவை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மித்ராகைனாவினதைக் ‘கனியுருண்டை’ என்றால் போதும்.

சோதிக்கும் முறையையும் சேர்த்து எழுதுங்கள். பிஞ்சுத் தலையை வெட்டினால் இரண்டுமே கெட்டியாகத் தெரியும். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. முற்றிய தலையை எடுத்து நடுவே பிளந்து, விரலால் உதிர்க்க வேண்டும். கனிகள் தனித்தனியாகக் கழன்று வந்து, இருமுனையிலும் சிறகுள்ள நுண்விதைகள் கொட்டினால் மித்ராகைனா. கழலாமல் சதை மசிந்தால் நாக்லியா. மித்ராகைனாத் தலையைக் காகித உறையில் போட்டு உலர்த்துங்கள். திறந்து வைத்தால் விதை பறந்துவிடும், வெறும் கூடுதான் மிஞ்சும்.

* * *

பிணைகனிக்கு என் ஆதரவு. இலைப் பகுதிக்கும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. எதிரெதிர்க் காம்புகளுக்கு இடையில் நிற்கும் இலையடிச் செதிலை (ஸ்டிப்யூல்) ‘காம்பிடைச் செதில்’ எனலாம். ஸ்டிப்புலோசாவில் அது பல சென்டிமீட்டர் நீளத்துக்கு இலைபோலவே விரிகிறது, இனப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். அதைச் ‘செதில்’ என்பது உறுத்தினாலும் மாற்ற வேண்டாம்; உறுப்பின் பெயர் அளவைப் பொறுத்து மாறினால் ஒப்பிடவே முடியாது. ‘இலையொத்த காம்பிடைச் செதில்’ என்று அடைமொழி சேர்த்தால் தீர்ந்தது.

செதில் சீக்கிரம் உதிரும். கீழ்க்கணுக்களில் கோடுபோன்ற தழும்பு மட்டுமே இருக்கும் என்பதால் கிளை நுனியோடு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கன்றின் இலை முதிர்மரத்து இலையைவிடப் பெரிதாக இருக்கும். இலை அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க விடாதீர்கள். செதிலை மட்டும் நம்பினாலும் தவறும், நாக்லியா டிடெரிச்சியிலும் இலையொத்த செதில் உண்டு. இன்னொன்று: ஸ்டிப்புலோசாவையும் மித்ராகைனாவின் மற்றோர் இனமான லெடர்மன்னியையும் பிரிக்கப் பூ தேவை. புல்லிவட்ட விளிம்பில் மயிர் இருந்தால் லெடர்மன்னி.

திறவுகோல் வரிகள் இப்படி அமையலாம்:

1அ. முற்றிய தலை கனியுருண்டை. கனிகள் தனித்து வெடிப்பவை. விதை சிறகுள்ளது — மித்ராகைனா.
1ஆ. முற்றிய தலை சதைப்பற்றுள்ள பிணைகனி, வெடிக்காது, விதைக்குச் சிறகில்லை — நாக்லியா.