நாவல் படமானபோது: பார்த்தவர்களும் வேலை செய்தவர்களும்

திரைக்கதை விவாதங்களில் உதவியாளராக உட்காருகிறவன் நான். நாவலைப் படமாக்குவது என்றதும் எல்லோரும் நீளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ அதைவிடப் பெரிய தலைவலி பாத்திரத்தின் மனசுதான். நாங்கள் எடுத்த கதையில் ஒருத்தி அண்ணன் வீட்டுக்குக் கடன் கேட்கப் போவாள். வாசலில் நின்று தயங்குவதே சில பக்கங்கள். பழைய சண்டை, அப்பாவின் சாவு, அண்ணி சொன்ன ஒரு சொல் எல்லாம் அதற்குள் வந்துவிடும். படத்தில் என்ன தெரியும்? கதவுக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவுதான். வாய்ஸ் ஓவர் எழுதிப் பார்த்தோம், யாரோ பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது. ஃப்ளாஷ்பேக் வைத்தால் தயக்கமே காணாமல் போனது. கடைசியில் அவள் உள்ளே போய், அண்ணன் மகளுக்குத் தலை வாரிவிட்டு, பணப் பேச்சையே எடுக்காமல் கிளம்புவதாக இயக்குநர் மாற்றினார். நாவலாசிரியருக்குப் பிடிக்கவில்லை. "என் பெண் கேட்பாள், கேட்டு அவமானப்படுவாள்" என்றார். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது. சம்பளம் வரும் பக்கத்தை நினைத்து வாயைத் திறக்கவில்லை.

—

நான் வெறும் வாசகி. பூமணியின் 'வெக்கை'யைப் படித்த பிறகு 'அசுரன்' (2019) பார்த்தேன். நாவலில் கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தோடுதான் நாமும் காடு மேடெல்லாம் அலைகிறோம். படத்தில் கதையின் பாரம் தனுஷ் நடித்த அப்பாவிடம் போய்விட்டது. அவருடைய இளமைக்காலமே தனிக் கதையாக விரிகிறது. பெரிய நடிகர் வந்தால் கதை அவர் பக்கம் சாயத்தான் செய்யும், தெரியும். படமும் வலுவான படம்தான். ஆனால் அப்பாக்களின் வீரத்தை எத்தனையோ படங்களில் பார்த்தாயிற்று, அந்தப் பையனை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

—

எடிட்டிங் பக்கத்திலிருந்து ஒரு எதிர்ப்பு. நீளம் சிக்கலே இல்லை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்! திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்துக்கு 2022இலும் 2023இலுமாக இரண்டு படம் தேவைப்பட்டது. அப்படியும் விடுபட்டதைப் பற்றி வாசகர்கள் பேசி ஓயவில்லை. நான் வேலை பார்த்த ஒரு படத்தில் தாத்தா பாத்திரத்தை முழுசாகத் தூக்கினோம். அவர் இல்லாமலே கதை ஓடியது. ஆனால் இரண்டாம் பாதியில் நாயகன் அவருடைய கடிதத்தைப் பற்றிப் பேசுகிறான்! எந்தத் தாத்தா, எந்தக் கடிதம்? திரும்ப எடுக்கக் காசில்லை. அவன் முதுகு தெரிகிற ஷாட்டாகத் தேடிப் போட்டு, டப்பிங்கில் "அப்பா எழுதினது" என்று மாற்றினோம். நாவலில் அப்பாவுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அதைப் படித்தவர்கள் கண்டுபிடித்துத் திட்டினார்கள், நியாயம்தான்.

—

எனக்கு ஒரே குறை. மனசில் நானாக வரைந்து வைத்திருந்த முகம், படம் பார்த்ததும் அழிந்துவிடுகிறது. திரும்பப் புத்தகத்தைப் பிரித்தால் நடிகையின் குரல்தான் கேட்கிறது. அதனால் பிடித்த நாவல் எதுவும் படமாகிறது என்று கேள்விப்பட்டால், ரிலீசுக்கு முன்பே இன்னொரு முறை படித்துவிடுகிறேன்.