பிரெஞ்சு துட்டு ஏலம்: நகல் காசு, கள்ள பிட். எப்படி ரிப்போர்ட் பண்றது?

லாஸ்பேட்டை_காசு:
வணக்கம். வெளிநாட்டு ஏலத் தளத்துல நம்ம ஊர் செல்லர் ஒருத்தர் புதுச்சேரி செப்புத் துட்டு (பிரெஞ்சுக்காரங்க காலத்துச் சின்னக் காசு) போட்டிருக்கார். ஒரு பக்கம் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழ்ல ஊர்ப்பேரு. போன மாசம் முடிஞ்ச ஏலத்துலயும் இதே காசு, இதே கீறல். ஒரே ஐடி அவரோட எல்லா ஏலத்துலயும் விலைய ஏத்திட்டுத் தோத்துப் போகுது. கள்ள பிட்னு தோணுது, அதாவது செல்லரோட ஆளே ஏலம் கேட்டு விலைய ஏத்துறது. 'ஃபிராடு'ன்னு ரிப்போர்ட் பண்ணேன், ஏலம் அப்படியே ஓடுது. நாளன்னைக்கு முடியுது.

மஞ்சக்குப்பம்_நாணயம்:
தம்பி, நகலும் கள்ள பிட்டும் தனித்தனி புகார். ரெண்டையும் ஒரே ரிப்போர்ட்டுல போட்டா ரெண்டுமே நிக்காது.

முதல்ல காசு. அதே கீறல்ங்கிறதால மட்டும் நகல் ஆகிடாது. ஜெயிச்சவர் பணம் கட்டலைன்னா அதே காசு திரும்ப ஏலத்துக்கு வரும். ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பெருசாக்குங்க. பொழக்கத்துல விழுந்த கீறல் துல்லியமா ஒரே இடத்துல இருந்து, களிம்பும் விளிம்பும் மட்டும் வேறயா இருந்தா, அது ஒரே வார்ப்புல ஊத்தின ரெண்டு காசு. அடிக்கிற அச்சுல இருக்கிற குறை அசல் காசு எல்லாத்துலயும் விழும்; பொழக்கத்துல விழுற கீறல் ரெண்டு அசல் காசுல அப்படியே ஒரே மாதிரி விழாது. ரிப்போர்ட்ல இதைத்தான் எழுதணும், ரெண்டு ஐட்டம் நம்பரோட. ‘ஃபிராடு’ன்னு பொதுவா அடிச்சா பாக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. ஈபேயா இருந்தா நகல் காசு விக்கவே அனுமதி இல்ல.

முத்தியால்பேட்டை_ஏலம்:
பிட் விஷயம். பிட் ஹிஸ்டரியில மறைச்சுக் காட்டுற அந்த ஐடிய அமுக்குங்க. ஈபேல 30 நாள் கணக்கு வரும்: மொத்தம் எத்தனை பிட், இந்த செல்லர்கிட்ட எத்தனை சதவீதம், எத்தனை வாபஸ். சதவீதம் கூட இருந்தா மட்டும் போதாது. இந்த மாதிரி சரக்கு ஒரே ஆள்கிட்ட இருந்தா நேர்மையா வாங்குறவருக்கும் அப்படித்தான் காட்டும். உச்ச விலைய முன்கூட்டியே போட்டு வெச்சவங்களுக்குத் தளமே படிப்படியா ஏத்தும், அதுவும் சண்டை மாதிரிதான் தெரியும்.

பாக்க வேண்டியது வாபஸ். பெரிய தொகை போட்டு உங்க உச்சத்தைத் தெரிஞ்சுக்கிட்டு, வாபஸ் வாங்கி, அதுக்கு ஒரு படி கீழ மறுபடி பிட். அது இருந்தா நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுங்க. முடிஞ்ச ஏலப் பக்கம் ரொம்ப நாள் நிக்காது. கோவத்துல நீங்களே பெரிய பிட் போட்டு ஏலத்தைக் கெடுக்காதீங்க, அதுவும் விதிமீறல்தான்.

லாஸ்பேட்டை_காசு:
நன்றிண்ணே. செல்லர்கிட்ட நேரா கேக்கலாமா? 'உலகம் முழுக்க அனுப்புவோம், வெளியில ஜிபே பண்ணா விலை கம்மி'ன்னு மெசேஜ் அனுப்பியிருக்கார்.

மஞ்சக்குப்பம்_நாணயம்:
கேக்காதீங்க, படத்தை மாத்திடுவார். அந்த மெசேஜே மூணாவது புகார். தளத்துக்கு வெளியில வியாபாரம் பேசுறதுதான் சட்டுனு நடவடிக்கை வர்ற விஷயம், ஏன்னா அவர் எழுதினது தளத்தோட இன்பாக்ஸ்லயே இருக்கு. மெசேஜுக்குள்ள இருந்தே ரிப்போர்ட் பண்ணுங்க.

‘உலகம் முழுக்க’ வேற சொல்றாரா! 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின காசைத் தனி ஆள் இந்தியாவுக்கு வெளியில அனுப்ப முடியாது. அசல்னா அனுப்பக் கூடாது, அனுப்பலாம்னா அசல் இல்ல. எப்படிப் பாத்தாலும் மாட்டுவார்.

முத்தியால்பேட்டை_ஏலம்:
ரிப்போர்ட் முடிவைத் தளம் உங்களுக்குச் சொல்லாது. பதில் வரலைன்னு தினம் ஒரு ரிப்போர்ட் அடிக்க வேண்டாம்.

யாராவது ஏற்கெனவே தளத்துலயே பணம் கட்டியிருந்தா, 'விவரப்படி இல்லை'ன்னு ரிட்டர்ன் போடச் சொல்லுங்க. ஈபேல டெலிவரியில இருந்து 30 நாள். ஜிபேல வெளியில அனுப்பியிருந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன், அப்புறம் பேங்க். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள சொன்னாத்தான் முடக்க முடியும். இந்தியத் தளமா இருந்தா குறைதீர் அதிகாரி பேரைப் பக்கத்துலயே போட்டிருக்கணும்; 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் வந்ததுன்னு ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். தீரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.