ஆஸ்பிரின் + குளோபிடோக்ரெல் + அட்டோர்வாஸ்டாட்டின் கேப்சூல்: பல் பிடுங்க நிறுத்தலாமா?

கேள்வி

அப்பாவுக்கு வயது 66. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து 4 மாதம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. சேர்ந்த கேப்சூல், இரவில் ஒன்று. அடுத்த வாரம் ஒரு கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். 5 நாள் முன்பே கேப்சூலை நிறுத்தச் சொல்கிறார்கள், சரியா? வயிற்றெரிச்சலுக்கு ஓமிப்ரசோல், பல்வலிக்கு இபுப்ரோஃபென் கைவசம் உண்டு. கொஞ்ச நாளாகத் தொடை வலி என்கிறார்.

பதில் 1

நீங்களாக நிறுத்தாதீர்கள். 5 நாள் கணக்கு பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு, அதுவும் இதய மருத்துவர் முடிவு செய்தால்தான். 4 மாத ஸ்டென்டில் மருந்து விட்டுப்போனால் உள்ளே ரத்தம் உறைந்து அடைக்கலாம். அது நேராக மாரடைப்பு. பல் குழியில் கசிவதை அழுத்தியே நிறுத்திவிடலாம். ஒரு நாள் மட்டும் விடுவதும் வீண்: ஆஸ்பிரின் முடக்கிய தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) போய்ப் புதியவை வர 7 முதல் 10 நாள் ஆகும்.

பல் மருத்துவரிடம் கேப்சூல் அட்டையையே காட்டுங்கள். காலை நேரமாக வாங்குங்கள். மறுபடி கசிந்தால் அன்றைக்கே போய்க் காட்ட முடியும். தையல் போடச் சொல்லிக் கேளுங்கள். பஞ்சை 30 நிமிடம் விடாமல் கடித்திருக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் திரும்பக் கசியும். 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது.

பதில் 2

கைவசம் இருக்கும் ஓமிப்ரசோல், இபுப்ரோஃபென் இரண்டும் வேண்டாம். குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஓமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டும் தடுக்கும். 12 மணி நேரம் இடைவெளி விட்டாலும் பயனில்லை. பான்டோப்ரசோலாக மாற்றித் தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இபுப்ரோஃபென் ஆஸ்பிரின் ஒட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வயிற்றில் ரத்தக் கசிவு அபாயத்தையும் கூட்டும். டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. கல்லீரல் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டுத்தான். மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவமனை.

பதில் 3

தொடை வலியை விட்டுவிடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால், மாடி ஏற முடியாமல் தளர்ந்தால், அட்டோர்வாஸ்டாட்டின் மேல் சந்தேகம் வர வேண்டும். சி.பி.கே. (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்யச் சொல்வார்கள். சிறுநீர் பழுப்பாகப் போனால் அன்றே காட்டுங்கள்.

பல்லுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினால் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இல்லையே என்று பாருங்கள். இவை ரத்தத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் அளவை ஏற்றிவிடும். அலர்ஜி இல்லையென்றால் அமாக்சிசிலினில் அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றும் ஒரே கேப்சூலில் இருப்பதுதான் தலைவலி. தசைவலிக்குப் பயந்து கேப்சூலை விட்டால் ஸ்டென்டுக்கான ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சேர்ந்து போய்விடும். தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி. மருந்துப் பெட்டியில் ஆஸ்பிரின் 75 அட்டை தனியாகவும் இருக்கிறது. காலையில் அதையும் போடுகிறாராம்.

பதில் 2

அநேகமாகப் பழைய சீட்டில் இருந்தது தொடர்கிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு 150 மி.கி. ஆகிறது, எரிச்சலுக்கு அதுவும் காரணமாகலாம். இரண்டு அட்டையையும் படம் எடுத்து இதய மருத்துவருக்கு இன்றே அனுப்பிக் கேளுங்கள். அவர் சொல்லும்வரை கேப்சூல் மட்டும் ஒரு வேளையும் தவறக் கூடாது.