தாத்தாவின் பெட்டியில் ராட்டைக் கொடி: எரித்துவிட வேண்டுமா?

ஈரோடு வாணி:
போன வாரம் ஊரில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வேட்டிகளுக்கு அடியில் ஒரு கதர்க் கொடி. காவி, வெள்ளை, பச்சை. நடுவில் அசோகச் சக்கரம் இல்லை, நீல நூலில் பின்னிய ராட்டை. மடிப்புகள் நைந்து, ஓர் ஓரம் இரண்டு விரல் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. கிழிந்த கொடியை வீட்டில் வைக்கக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு கேள்வி. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று வகுப்பில் சொன்னார்களாம். அது சரியா? ராட்டையை ஏன் எடுத்தார்கள்?

சுப்பு:
மாமா சொல்வது பழுதான தேசியக் கொடிக்கு. 2002 கொடிச் சட்டத்தொகுப்பு, அதைத் தனியிடத்தில், மரியாதை குறையாமல், முழுதாக எரித்தோ வேறு தகுந்த முறையிலோ அழிக்கச் சொல்கிறது. உங்களிடம் இருப்பது விடுதலைக்கு முந்தைய காங்கிரஸ் கொடி. தயவுசெய்து எரித்துவிடாதீர்கள்.

பழைய கதர்க்கடை:
வாணி அம்மா, இருபத்தாறு வருஷம் கதர்க்கடையில் கொடி விற்றவன் நான். முதலில் மகளின் கேள்விக்கு வருகிறேன். அந்த விளக்கம் 1921-க்குப் பொருந்தும். அந்த வருஷம் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் சிவப்பும் பச்சையுமாக ஒரு கொடியைக் கொடுத்தார். மற்ற சமயத்தாருக்காக வெள்ளையும் சேரட்டும் என்றார் காந்தி. பிறகு மதத்துக்கு ஒரு நிறம் என்பதே சண்டையாக வளர்ந்தது. அதனால் 1931-இல் காங்கிரஸ் சிவப்பைக் காவியாக்கி, நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாது என்று தீர்மானமே போட்டது. காவி துணிவும் தியாகமும், வெள்ளை உண்மையும் அமைதியும். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு வந்த கொடிதான் உங்கள் தாத்தாவுடையது. பிள்ளைகளுக்கு இன்னமும் பழைய விளக்கத்தையே சொல்லிக்கொடுப்பது எனக்கு வருத்தம்தான்.

ராட்டை போன காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கொடியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் சக்கரம் இடது, நூல் சுற்றும் கதிர் வலது என்றால், மறுபக்கம் எல்லாம் மாறியிருக்கும். கொடி என்பது காற்றில் இரண்டு பக்கமும் தெரிகிற துணி. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் தீர்மானத்தைக் கொண்டுவந்த நேரு இதைத்தான் சொன்னார். ராட்டையின் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்கு உருவம் அசோகரின் சாரநாத் தூணிலிருந்து வந்தது, 24 ஆரங்களோடு. காந்திக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. அதே விவாதத்தில் நம் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன், பச்சை என்பது மண்ணோடு நமக்குள்ள உறவு என்றார். நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும் விளக்கம் அதுதான்.

சக்கரம் வந்ததும் வேலை எளிதாகிவிடவில்லை. இரண்டு பக்கமும் அச்சடிக்க வேண்டும், ஆரத்தின் மேல் ஆரம் அப்படியே உட்கார வேண்டும். கர்நாடகத்து ஹூப்பள்ளியில் உள்ள பெங்கேரி கதர் சங்கத்துக் கொடி கடைக்கு வந்தால், பிரித்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். நீலத்தின் ஓரத்தில் நிழல் மாதிரி இன்னொரு கோடு தெரியாது. அப்புறம்தான் கயிறு கோக்கிற பக்கத்துத் தடித்த வெள்ளைத் துணியைத் தடவிப் பார்ப்பேன். 2021 கடைசியில் விதி மாறிப் பாலியெஸ்டரும் வந்துவிட்டது. வந்த கொடிகளில் சக்கரம் முட்டை மாதிரி நீண்டிருந்ததைப் பார்த்து விற்க மாட்டேன் என்று சொன்னதும் உண்டு.

ஈரோடு வாணி:
ஐயா, ஜன்னலில் பிடித்துப் பார்த்தோம். நீங்கள் சொன்னபடியே பின்பக்கம் ராட்டை திரும்பி நிற்கிறது. மகள் கொடியை விடவே இல்லை. கிழிசலில் ஏற்கெனவே வெள்ளை நூலில் ஒரு தையல் இருக்கிறது, பாட்டி போட்டதாக அம்மா சொல்கிறார். மீதியை நான் தைக்கலாமா? துவைக்கலாமா?

பழைய கதர்க்கடை:
தைக்காதீர்கள் அம்மா, நைந்த துணியில் ஊசி போனால் இன்னும் கிழியும். தண்ணீர், இஸ்திரி இரண்டும் வேண்டாம். இனி மடிக்காமல், கஞ்சி போடாமல் வெளுத்த பழைய வேட்டியோடு சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பூச்சி உருண்டை துணியில் படக் கூடாது. சென்னைக்கு வந்தால் மகளைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள். பாட்டியின் தையலை மட்டும் பிரித்துவிடாதீர்கள்.