புதுப்பிப்பு: பழைய கார் வாங்குமுன் அடியிலும் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய மைவி, சாகா கார் தேடுவோருக்காக எழுதிய பதிவில் இன்ஜின், கியர் மட்டுமே சொன்னேன், அடிப்பாகம் விட்டுப்போனது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காரில் லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் இணைப்பு) சீக்கிரம் தேயும். மேடுபள்ளத்தில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். 'டொக்' என்றால் பெரும்பாலும் புஷ், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு), அப்சோர்பர் மவுண்டிங் (அதிர்வு தாங்கியின் மேல்பிடி) இவற்றில் ஒன்று. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நகர்த்தும்போது 'டக் டக்' என்று அடித்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு, தேய்ந்திருக்கும். அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய் ஜாயின்டை அரைத்துவிடும். உறை மட்டும் கிழிந்திருந்தால் விலை பேசலாம். சத்தமே வந்துவிட்டால் ஜாயின்டை மாற்ற வேண்டியதுதான்.

வெள்ளத்தில் நின்ற காரா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். கழுவி விற்பவர்கள் அங்கே கோட்டைவிடுவார்கள், சேற்றுக்கறை தெரியும். ஸ்பேர் டயர் குழியையும் கம்பளத்தின் அடியையும் தடவிப் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், ஈர நாற்றத்தை மறைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு திருத்தம்: வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனையே போதும் என்றிருந்தேன், தவறு. அது பெயர் மாற்றத்துக்கான சோதனை, இன்ஜின், சேஸி எண்களையும் சரிபார்ப்பார்கள். கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது.