4வது வார்டு, 2006: குலுக்கலா, ஒத்த ஓட்டா?

ஏரிக்கரையான்:
நேத்து ஒருத்தரு இங்க எழுதிக்கீறாரு, "நம்ம ஊராட்சி 4வது வார்டு 2006 எலெக்ஷன்ல குலுக்கல்ல வந்த சீட்டு, ஜனங்க ஓட்டுல வந்தது இல்ல"ன்னு. படிச்சதுல இருந்து மனசே ஆறல. ஓட்டு எண்ற ஸ்கூல்ல ராத்திரி முழுக்க ஏஜென்ட்டா உக்காந்தவன் நானு. பொட்டிய மேஜை மேல கவுத்து, வார்டு மெம்பர் ஓட்டுச் சீட்டு வெள்ளை, தலைவர் சீட்டு ரோஸ், ஒன்றிய கவுன்சிலர் பச்சை, ஜில்லா கவுன்சிலர் மஞ்சள்னு நாலு கலரையும் பிரிச்சு கட்டு கட்டுனதை கண்ணால பாத்தவன். குலுக்கலே நடக்கல. எங்க அண்ணி ஒத்த ஓட்டுல ஜெயிச்சாங்க. ஒத்த ஓட்டு.

மேலத்தெரு பையன்:
எழுதுனது நான்தான் சித்தப்பா, மறைஞ்சு எழுதல. எதிர்ல நின்னது எங்க பெரியம்மா. ரெண்டு பேருக்கும் ஓட்டு சமம், சீட்டு எழுதிப் போட்டு எடுத்தாங்க. சமமா வந்தா குலுக்கல்னு சட்டத்துலயே இருக்கு, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. அதை மறைச்சு இருபது வருஷமா "ஜனங்க எங்க பக்கம்"னு திருவிழா மைக்குல சொல்லிக்கினு இருக்கீங்க பாருங்க, அதான் எரியுது.

ஏரிக்கரையான்:
சமம்னு எப்படி வந்துச்சுன்னு சொல்லு தம்பி, அங்க வந்து ஏன் நின்னுட்ட? ஒரு ஓட்டுச் சீட்டு. எங்க அண்ணி சின்னம் பூட்டு சாவிக்கும் உங்க பெரியம்மா சின்னம் சீப்புக்கும் நடுவுல இருக்குற கோட்டு மேல முத்திரை விழுந்துகீது. முக்காவாசி மை பூட்டு சாவி பக்கம், சீப்பு பக்கம் ஓரம்தான் லேசா பட்டுச்சு. அந்த ஆபீசரு டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, திருப்பிப் பாத்து, அப்புறம்தான் பூட்டு சாவி கட்டுல வெச்சாரு. நான் ரெண்டடி தூரத்துல நிக்கிறேன். நீ அப்ப ஆறாங்கிளாஸு.

வாலாஜா வாசி:
ஒரு சந்தேகம். எந்த 4வது வார்டைப் பத்தி பேசுறீங்க? வேலூர் ஜில்லாவைப் பிரிச்ச பின்னாடி வார்டு வரையறையே மாறிப்போச்சு, பழைய 4வது வார்டுல பாதி தெரு இப்ப வேற நம்பர்ல இருக்கு. அதோட கிராம ஊராட்சி வார்டுல கட்சி சின்னமே கிடையாது, கட்சி சின்னம் ஒன்றிய கவுன்சிலருக்கும் ஜில்லா கவுன்சிலருக்கும்தான். ரெண்டையும் கலந்து "எங்க கட்சி கோட்டை"ன்னு முன்னாடி ரெண்டு பேரு எழுதியிருக்காங்க.

மேலத்தெரு பையன்:
அண்ணா நீங்க 2019 நவம்பர்லயே ராணிப்பேட்டை ஜில்லாவுக்குப் போயிட்டீங்க, எங்க வார்டு உங்களுக்கு எதுக்கு. சித்தப்பா, கோட்டு மேல குத்துனா எப்படி அது உங்க ஓட்டு? செல்லாத ஓட்டு. அதைத் தள்ளுனதாலதான் சமமாச்சு, அப்புறம்தான் குலுக்கல். பெரியம்மா சாவுற வரைக்கும் சொன்னது இதைத்தான்.

தறிக்காரர் பொண்ணு:
குத்து எங்க விழுந்துச்சுன்னு அடிச்சுக்குறீங்களே, ஜெயிச்ச அண்ணி அந்த அஞ்சு வருஷத்துல எத்தனை கூட்டத்துல உக்காந்தாங்க? 1996லயும் 2001லயும் ஒரே இடஒதுக்கீட்டுச் சுழற்சி, 2006ல அது மாறும்போதுதான் நம்ம வார்டு பொம்பளைங்களுக்கு வந்துச்சு, 2011லயும் அப்படியே இருந்துச்சு. பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் நாற்காலியில உக்காந்தது வீட்டு ஆம்பளைங்க. எங்கம்மா தண்ணி கொழாய்க்கு மனு எடுத்துக்கினு போனா "அண்ணன் இல்ல, அப்புறம் வா"ன்னுதான் பதில் வரும். மெம்பர் வாசல்ல கோலம் போட்டுக்கினு இருப்பாங்க.

ஏரிக்கரையான்:
அம்மாடி, எங்க அண்ணியைப் பத்தி பேசாத. கையெழுத்து அவங்களே போட்டாங்க. தெருவுக்கு சிமென்ட் ரோடு யாரு காலத்துல வந்துச்சு? நான் கேக்குறது ஒண்ணுதான், குலுக்கல் நடந்துச்சுன்னா சீட்டு எடுத்தது யாரு? எதுல போட்டு எடுத்தாங்க? மூணாவது தடவை கேக்குறேன்.

மேலத்தெரு பையன்:
முதல் தடவையே இப்பதான் கேக்குறீங்க. எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல போட்டாங்க. எங்க மாமா சொன்னாரு.

ஏரிக்கரையான்:
மாமா வந்தாரா உள்ள? ஏஜென்ட் சீட்டு இல்லாம போலீஸு கேட்டுலயே நிறுத்திட்டாங்க, வெளிய டீ கடையில உக்காந்துக்கினு இருந்தாரு. அந்த டிபன் பாக்ஸ் என்னுது! எண்ணி முடியுற வரைக்கும் இருக்கட்டும்னு இட்லி கட்டிக்கினு போனது. அதுல என்ன சீட்டு போட்டாங்களாம்?

கோட்டைக்காரன்:
அதெல்லாம் விடுங்கபா. 2016ல அக்டோபர் 3 நாமினேஷன் முடியுது, மறுநாளே ஹைகோர்ட் மொத்த எலெக்ஷனையும் ரத்து பண்ணுச்சு, பழங்குடியினர் ஒதுக்கீடு ஒழுங்கா செய்யலைன்னு கேஸு. எங்க அப்பாவும் மனு போட்டு போஸ்டர் அடிச்சு வெச்சிருந்தாரு, அது இன்னும் பரண் மேலதான் கிடக்கு. அப்புறம் 2019 டிசம்பர்ல 27 ஜில்லாவுக்கு நடந்துச்சு, நம்மளுது பிரிச்ச ஜில்லான்னு நிறுத்தி வெச்சு 2021 அக்டோபர் 6, 9ல தான் நடந்துச்சு. அஞ்சு வருஷம் மெம்பரே இல்லாம தனி அலுவலர் கையில கிடந்தோம். அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்குறீங்க.

மேலத்தெரு பையன்:
அண்ணா, உங்க அப்பா 2016ல மனு போட்டது எங்க பெரியம்மா ஓட்டைப் பிரிக்கத்தான்னு ஊருக்கே தெரியும்.

கோட்டைக்காரன்:
வாயை அடக்கிப் பேசு. எங்க அப்பா யாரு பணத்துலயும் நிக்கல. கங்கையம்மன் திருவிழாவுக்கு நீங்க வாங்கிக்கினு போன சவுண்டு செட்டு வாடகையை முதல்ல குடு, அப்புறம் எங்க அப்பாவைப் பத்தி பேசு.

வாலாஜா வாசி:
யாராவது பழைய வார்டு எல்லை எதுன்னு சொல்லிட்டு பேசுங்களேன். தெற்குத் தெரு 2006ல 4வதா 5வதா? அந்தத் தெரு ஓட்டு எண்ணிக்கையில இருந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சாலே...

ஏரிக்கரையான்:
தெற்குத் தெரு கதை வேணாம் தம்பி. நீ வாலாஜா கதையைப் பாரு. நான் சொல்றது மை. முத்திரை மை. முக்காவாசி பூட்டு சாவி மேல. சந்தேகமா இருந்தா தள்ளுவாங்க, இது சந்தேகமே இல்ல, வாக்காளர் மனசு எந்தப் பக்கம்னு சீட்டுலயே தெரிஞ்சுது. எதிர் ஏஜென்ட்டும் பக்கத்துலதான் நின்னாரு, ஒரு வார்த்தை மறுப்பு எழுதிக் குடுக்கல. அவர் இப்பவும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பங்க் கடை வெச்சிருக்காரு, போயி கேளு.

மேலத்தெரு பையன்:
கேட்டேன். "எனக்கு ஞாபகம் இல்ல"ன்னாரு. ஞாபகம் இல்லன்னா இன்னா அர்த்தம்?

ஏரிக்கரையான்:
ஒத்த ஓட்டுன்னு அர்த்தம்.

மேலத்தெரு பையன்:
குலுக்கல்.

தறிக்காரர் பொண்ணு:
எங்க வீட்டுக் கொழாய்ல இன்னைக்கும் தண்ணி வரல. யாரு மெம்பரு இப்ப, அவங்க நம்பர் யாருகிட்டயாவது இருக்கா?

ஏரிக்கரையான்:
அம்மாடி அதை வேற எடத்துல கேளு. டேய், டிபன் பாக்ஸை இன்னும் வெச்சிருக்கேன், மூடியில எங்க அப்பா பேரு வெட்டியிருக்கு. நாளைக்கு போட்டோ போடுறேன்.