எலுமிச்சை இலையில் சொரசொரப்பான புள்ளி, கூடவே மஞ்சளும்: சொறி நோயா, கிரீனிங்கா?

கேள்வி:
வணக்கம். புளியங்குடி பக்கம், 4 வயது நாட்டு எலுமிச்சை. மழைக்குப் பிறகு வந்த துளிரில் பழுப்புப் புள்ளிகள், சில காயிலும் இருக்கு. அதே மரங்களில் வேறு சில கிளைகளில் இலை மஞ்சளா வெளுக்குது. கடையில் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்றாங்க. எது என்ன நோய்னு தோட்டத்திலேயே எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது?

பதில் 1:
அடிக்கிறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பார்ப்பதுதான் சரி. புள்ளியையும் மஞ்சளையும் தனித்தனியா பாருங்க.

புள்ளி உள்ள இலையை விரலால் தடவுங்க. சொறி நோய் (பாக்டீரியாவால் வரும் புண்) என்றால் இலையின் இரண்டு பக்கமும் மேடு தட்டும். நடுவில் எரிமலை வாய் மாதிரி குழி, அதைச் சுற்றித் தக்கை போன்ற விளிம்பு, வெளியே மஞ்சள் வளையம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் புதுப் புள்ளியின் ஓரம் எண்ணெய் பட்ட மாதிரி தெரியும். காயில் பெரும்பாலும் மஞ்சள் வளையம் இருக்காது, வெடித்த தக்கைப் புண் மட்டும்தான். இலையின் ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தால் பூஞ்சையால் வரும் படையா என்றும் பாருங்க.

உறுதி செய்ய: புள்ளியின் ஓரத்தை பிளேடால் மெல்லிசா சீவி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் பாருங்க. வெட்டிய ஓரத்திலிருந்து புகை மாதிரி பாக்டீரியா கசிஞ்சு வரும். இந்தச் சோதனை கிரீனிங்குக்கு (இலையை மஞ்சளாக்கும் இன்னொரு பாக்டீரியா நோய்) உதவாது.

பதில் 2:
மஞ்சளுக்கு ஒரு பேனா போதும். வெளுத்த இலையின் நடு நரம்புக்கு இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் அதே இடத்தில் இன்னொரு வட்டம் போடுங்க. இரண்டுக்குள்ளும் ஒரே நிறம், நரம்பு மட்டும் பச்சை, இடைவெளி வெளுப்பு, இலையும் சிறுத்திருக்கு என்றால் அது துத்தநாகக் குறை. ஒரு வட்டத்தில் பச்சை, மற்றதில் மஞ்சள், திட்டுத் திட்டா, நரம்பையும் தாண்டிப் போகுது என்றால் கிரீனிங் சந்தேகம்.

அந்தக் கிளைக் காயை நீளவாக்கில் அறுங்க. காய் கோணலா, நடுத்தண்டு வளைஞ்சு, விதை பழுப்பாகிச் சூம்பியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனாலும் முடிவு பிசிஆர் சோதனைதான் (ஆய்வகத்தில் பாக்டீரியாவின் மரபணுவைத் தேடுவது). கிரீனிங் பாக்டீரியா மரத்தின் உணவுக் குழாய்க்குள் வாழ்வது. அதனால்தான் மேலே எதைத் தெளித்தாலும் குணமாகாது, நோய் உறுதியான மரத்தைப் பிடுங்கத்தான் வேண்டும். ஒட்டுக் குச்சியாலும், சைலிட் பூச்சியாலும் பரவும். இந்தச் சிறு பூச்சி பின்புறத்தைத் தூக்கி, தலையைக் கொழுந்தில் சாய்த்தபடி உட்காரும். கறிவேப்பிலையிலும் பெருகும், தோட்டத்து ஓரத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் பாருங்க.

பதில் 3:
சொறிக்கு எலுமிச்சை ரொம்ப எளிதில் ஆளாகும். மழையோடு காற்று அடிக்கும்போது பாக்டீரியா இலையின் மூச்சுத் துளை வழியா உள்ளே போகும். இலைத்துளைப்பான் புழு வெள்ளிக்கோடு போட்ட துளிரில் தோல் திறந்தே கிடக்கும், சொறி அங்கே எளிதாப் பிடிக்கும். துளிர் விடும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடிங்க.

மழை ஓய்ந்து காய்ஞ்ச நாளில் சொறி பிடித்த குச்சிகளைக் கவாத்து செய்து எரிச்சிடுங்க. இலை ஈரமா இருக்கும்போது வெட்டாதீங்க, கத்தரியே நோயைப் பரப்பும். பிறகு 1 சதவீத போர்டோ கலவை: 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் நீரில், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு இன்னொரு 50 லிட்டரில். பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்க. தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்குங்க. செம்பு படிந்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேருங்க. அன்றே தீர்த்துடணும். முடியாவிட்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம். செம்பு மருந்து நோய் வராமல் காக்கத்தான், வந்த புண்ணை ஆற்றாது; இளம் துளிர், சிறு காய் காலத்தில் அடித்தால்தான் பலன்.

கேட்டவர்:
10 இலையில் வட்டம் போட்டுப் பார்த்தேன். எல்லாத்திலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். காயும் நேராத்தான் இருக்கு.

பதில் 2:
அப்போ துத்தநாகக் குறையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், புதுத் துளிர் விரியும்போது அடிங்க. செம்பு மருந்தோடு ஒரே டேங்கில் கலக்காம ஒரு வாரம் இடைவெளி விடுங்க. அடுத்த துளிர் திட்டுத் திட்டா வெளுத்தால், காம்போடு இலை பறிச்சு பிசிஆருக்கு அனுப்புங்க.